மாலை போட்ட மறுநாள் அண்ணனுக்கு வலிப்பு. குடியை நிறுத்த மாத்திரையைச் சாம்பாரில் கலக்கலாமா?

கரிசல்

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அண்ணனுக்கு வயது 43, கொத்தனார். பதினைந்து வருடமாகக் குடிக்கிறார், அதில் கடைசி நான்கு வருடம் ஒரு நாள் விடாமல். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிதானத்துக்கு வந்து கரண்டி பிடிக்க முடியும்.

இந்த வருடம் அவராகவே "மாலை போடுறேன்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் கண்ணீரே வந்துவிட்டது. கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் குருசாமி கையால் மாலை. முந்தின ராத்திரி பத்து மணிக்குக் குடித்ததுதான் கடைசி. அன்று சாயங்காலப் பூஜையில் கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவர் கை ஆடிய ஆட்டத்தில் கற்பூரம் உருண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் குளித்த குளிர் என்றாள் அம்மா. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டியது. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் குழாயடியில் செம்பைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்தார். கண் மேலே செருகி, வாயில் நுரை, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். 108-ல் ஏற்றிப் போனோம்.

ஆஸ்பத்திரியில் அடுத்த ராத்திரி இன்னும் மோசம். படுக்கை விரிப்பில் இல்லாத எறும்பைப் பொறுக்கினார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து காற்றில் சாந்து அள்ளிப் பூச ஆரம்பித்தார். என்னைப் பார்த்து "கல்லை எடுத்துக் கொடு, நேரமாகுது" என்றார். சித்தாள் என்று நினைத்துவிட்டார், தங்கை என்று தெரியவில்லை. ஆறு நாளில் தெளிந்து வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு நாளாகக் குடிக்கவில்லை.

ஊரில் சாமி குத்தம் என்கிறார்கள். மாலையைக் கழற்றச் சொன்னவள் அண்ணி என்பதால் பேச்செல்லாம் அவள் மேல். எனக்கு இரண்டு கேள்வி. குடித்தபோது வராத வலிப்பு, நிறுத்தியதும் எப்படி வந்தது? அடுத்தது, டவுனில் ஒரு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை தருகிறேன் என்கிறார்கள். பொடித்துச் சாம்பாரில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் இனிக் குடியைத் தொட மாட்டாராம். கொடுக்கலாமா?

வார்டு ஏழு

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், காரணத்தை ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். கார்த்திகை முதல் வாரம் வந்தாலே இதற்கென்று இரண்டு மூன்று கட்டில் தயார் செய்து வைப்போம். தைப்பூச மாலை சமயத்திலும் அப்படித்தான். சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தினமும் குடித்த உடம்பில் குடி திடீரென்று நின்றது, அவ்வளவுதான். அண்ணியிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: மாலையைக் கழற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததால்தான் அவர் உயிரோடு இருக்கிறார்.

தாமரைக்குளம்

மருந்தியல் கற்பிப்பவன் நான். முதல் கேள்விக்கு என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் ஒரு பக்கம் அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள், மறுபக்கம் தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள். சாராயம் காபா அணியோடு சேர்ந்து இழுக்கும். வருடக்கணக்கில் தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. தூண்டும் அணிக்கு ஆள் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் பழகிய குடிகாரர் இரண்டு குவார்ட்டர் போட்டும் நிதானமாக நிற்கிறார். ஒரு நாள் சாராயம் கயிற்றைப் பட்டென்று விட்டுவிடுகிறது. எதிர்ப்பக்கம் அத்தனை பேரும் மொத்தமாக மல்லாக்க விழுகிறார்கள். நடுக்கம், வேர்வை, படபடப்பு, வலிப்பு, ஜன்னி எல்லாம் அந்த விழுகைதான்.

இதை நிரூபிக்க 1955 வரை ஆனது. சரியான சாப்பாடு இல்லாததால் வருகிறது, ஏதோ தொற்றால் வருகிறது என்றுதான் மருத்துவர்களே அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற ஊரில் ஹாரிஸ் இஸ்பெல் குழு பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே தினமும் சாராயமும் கொடுத்தது. அவர்களில் ஆறு பேர் 48 முதல் 87 நாள் வரை குடித்தார்கள். பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தும் அந்த ஆறு பேரில் சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் வந்தன. அதைவிடக் குறைந்த நாட்கள் குடித்தவர்களுக்கு லேசான தொந்தரவோடு போனது. அந்தப் பத்துப் பேரும் முன்பு மார்ஃபின் பழக்கத்தில் இருந்த கைதிகள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்த மனிதர்கள் பட்ட பாட்டில்தான் உங்கள் அண்ணனுக்கு என்ன நடந்தது என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. அதை மறக்கக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன்.

நேரக் கணக்கைப் பாருங்கள். வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் அண்ணனுக்கு 31-வது மணி. ஜன்னி 48-லிருந்து 96 மணிக்குள். எறும்பு பொறுக்கியதும் சாந்து பூசியதும் அந்தக் கணக்கில் அப்படியே விழுகிறது. தொழிலை அப்படியே காற்றில் செய்து காட்டுவது குடி ஜன்னியில் ரொம்பவும் தெரிந்த அறிகுறி. தையற்காரர் ஊசியில் நூல் கோர்ப்பார், டிரைவர் ஸ்டியரிங் பிடிப்பார். சிகிச்சை இல்லாத காலத்தில் குடி ஜன்னி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் இன்று அது 100-க்கு 5-க்கும் கீழ்.

மேட்டூர்க்காரன்

நான் குடித்தவன். ஏழு வருடமும் நாலு மாதமும் ஆகிறது விட்டு.

இதைப் படித்ததும் 2020 மார்ச் நினைவுக்கு வந்துவிட்டது. ஊரடங்கில் கடை மூடியதும் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இதே மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். கேரளாவில் தற்கொலைகள் நடந்து, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. ஏப்ரல் 2-ம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அப்போது டி.வி.யில் எல்லோரும் நீதிமன்றம் சரியா, அரசு சரியா என்று பேசினார்கள். இதற்கு மாத்திரை இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்று ஒருவர்கூடச் சொன்னதாக என் காதில் விழவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வார்டு ஏழு

டியூட்டி முடிந்து வந்தேன்.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியது. வலிப்பு வந்தால் சாவி, கம்பி எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற கல், கட்டை எதையும் ஒதுக்கிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் அளவைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் "எப்பவாவது கொஞ்சம்" என்றுதான் சொல்கிறார்கள். மானம் போய்விடும் என்ற பயம், புரிகிறது. ஆனால் நம் கடைகளில் விற்கும் சரக்கு 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த சாராயம் இருக்கிறது. தினமும் ஒரு குவார்ட்டரா இரண்டா என்பதை வைத்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்வார். நீங்கள் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையும், ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வரும்.

உங்கள் அண்ணனுக்குக் கொடுத்தது அநேகமாக குளோர்டயசெபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். முதல் நாள் அதிகமாக, பிறகு நாளுக்கு நாள் குறைத்து, ஏழெட்டு நாளில் நிறுத்திவிடுவோம். கூடவே தயமின் ஊசி. குடிப்பவர் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் மூளை பாதித்து ஞாபகமே போய்விடக்கூடும். மெடிக்கலில் "நரம்புத் தளர்ச்சிக்கு" என்று கேட்டு நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தாமரைக்குளம்

மேலே சொன்ன குளோர்டயசெபாக்சைடு பற்றி ஒன்று. 1969-ல் அமெரிக்க ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கான மருத்துவமனைகளில் 537 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்த மருந்து, குளோர்புரோமசின், வேறு சில மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பும் ஜன்னியும் குறைவாக வந்தது குளோர்டயசெபாக்சைடு எடுத்தவர்களுக்கு. குளோர்புரோமசின் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட அதிகமாக வலிப்பு வந்தது. ஆளைத் தூங்க வைத்துவிட்டால் போதும் என்று நினைத்து ஏதோ ஒரு மருந்தைப் போடக்கூடாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வீரபாண்டி

எல்லோரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் என் அப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்தவன். 2011-ல். ரசத்தில் கலந்து அம்மா கொடுத்தாள். குடித்ததும் வாந்தி எடுத்தார், நெஞ்சு அடைக்கிறது என்றார், நாலைந்து தடவை அப்படி ஆனதும் "இந்த எழவு எனக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிட்டார். இறக்கும் வரை தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் அவர் வருவாரா? "நான் என்ன பைத்தியமா" என்று தட்டைத் தூக்கி அடித்தவர். சம்மதம் வாங்கிக்கொண்டுதான் வைத்தியம் என்றால், அதுவரைக்கும் அடி வாங்குவது யார்? என் அம்மாவுக்குக் காதில் சவ்வு கிழிந்தது. அவளுக்கு வேறு வழி இருந்ததா?

மஞ்சணத்தி

வீரபாண்டி அண்ணா, உங்கள் அம்மா பட்டது எனக்குத் தெரியும். நானும் பட்டவள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் கொடுத்தேன். கத்தரிக்காய்க் குழம்பில். இருபது நாள் கொடுத்தேன், அதில் பதினேழு நாள் அவர் வெளியூர் வேலையில் இருந்ததால் குடித்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் குடித்தார். பத்து நிமிடத்தில் முகம் செம்பருத்தி மாதிரி சிவந்தது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. பிறகு வெளிறிப்போய்க் கீழே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் பி.பி. எடுக்கவே முடியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து "என்ன மருந்து சாப்பிடுறாரு?" என்று கேட்டார். பக்கத்தில் மாமியார், கொழுந்தன், கல்யாண வீட்டுக் கூட்டம். "ஒண்ணுமில்ல" என்றேன். அரை மணி நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஒரு நர்ஸம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அழுதுகொண்டே சொன்னேன்.

பிழைத்துவிட்டார். ஆனால் விஷயம் தெரிந்ததிலிருந்து ஒரு வருடம் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார். குடியையும் விடவில்லை. இப்போது நான் டாக்டரிடம் போகலாம் என்றால், "நீ ஏற்கெனவே விஷம் வச்சவ" என்பார்.

வார்டு ஏழு

மஞ்சணத்தி, இதை எழுதியதற்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. சரியான வழியை யாரும் காட்டவில்லை.

அந்த மாத்திரை டைசல்ஃபிரம். சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு கழியும். இந்த மாத்திரை இரண்டாவது படியை அடைத்துவிடும். நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவப்பது, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதனால். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் முதல் மாத்திரை கொடுக்கவே கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். சில இருமல் மருந்தில் இருக்கும் சாராயமே போதும், தொந்தரவு வர. எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியாத மனிதருக்கு இதைக் கொடுப்பது, கண்ணைக் கட்டிக் கிணற்றுமேட்டில் நடக்க விடுவதுதான்.

தாமரைக்குளம்

ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். வீரபாண்டி சாரின் கேள்வி நேர்மையானது, அதற்கு ஆய்விலிருந்தே பதில் இருக்கிறது.

1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் குடல் புழுவுக்கு மருந்தாகுமா என்று டைசல்ஃபிரமைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். விருந்தில் குடித்தபோது உடம்பு படுத்தியெடுத்தது. அப்படித்தான் இது குடிநோய் மருந்தானது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று 1986-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ரிச்சர்ட் ஃபுல்லர் குழு 605 ஆண்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 250 மில்லிகிராம் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு 1 மில்லிகிராம், அதாவது உடம்பில் ஒன்றும் செய்யாத அளவு. ஆனால் இரண்டு பிரிவிடமும் "உங்களுக்கு டைசல்ஃபிரம் தருகிறோம், குடித்தால் ஆபத்து" என்று சொன்னார்கள். மூன்றாவது பிரிவுக்கு வெறும் வைட்டமின், அதைச் சொல்லியே கொடுத்தார்கள். ஒரு வருடம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்களின் விகிதத்தில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் குடிக்கத் தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால், 250 மில்லிகிராம் எடுத்தவர்கள் குடித்த நாட்கள் குறைவு.

பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், என்ன எடுக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்து, வேறொருவர் முன்னால் தினமும் விழுங்கும்போது இந்த மாத்திரை நன்றாகவே உதவுகிறது. "இது உள்ளே இருக்கிறது, இன்றைக்குக் குடிக்க முடியாது" என்ற அறிவுதான் பெரும்பாதி மருந்து. தெரியாமல் கலந்தால் அந்தப் பாதியை எறிந்துவிட்டு, ஆபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம். உங்கள் அப்பாவின் இதயம் தாங்கியது, சார். மஞ்சணத்தி அம்மா வீட்டில் நூலிழையில் தப்பியது.

மேட்டூர்க்காரன்

இதற்கு நானே சாட்சி. எனக்கும் அதே டைசல்ஃபிரம்தான். டாக்டர் என்னையும் மனைவியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். தினமும் காலை எட்டு மணிக்கு டீயோடு அவள் மாத்திரையைக் கொடுப்பாள், நான் அவள் முன்னால் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவேன். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் அந்த எட்டு மணிக்கே அன்றைய சண்டை முடிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை வழியாக வரும்போது "போகலாமா வேண்டாமா" என்ற கேள்வியே இருக்காது, காலையிலேயே முடிவாகிவிட்டதே.

பதினோரு மாதம் சாப்பிட்டேன். கூடவே ஏஏ கூட்டம், அதாவது குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசுவது, வாரம் மூன்று. முதல் கூட்டத்தில் பேசியவர் ஒரு பஸ் கண்டக்டர். சில்லறையை எண்ணும் கையே நடுங்கிய கதையைச் சொன்னார். என் கதையை யாரோ எனக்கு முன்பே வாழ்ந்துவிட்டது போல இருந்தது.

பூவரசு

குடிநோய்க்கு மாத்திரையே இல்லை, மனசுதான் மருந்து என்று எங்கள் குடும்ப டாக்டர் சொன்னாரே? டைசல்ஃபிரம் தவிர வேறு எதுவும் உண்டா?

தாமரைக்குளம்

உண்டு. என் ஆதங்கமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரை. குடித்தால் ஒரு சுகம் வருகிறதே, அதற்குப் பின்னால் உடம்பிலேயே ஊறும் ஓபியாய்டுகளுக்குப் பங்கு உண்டு. அவை போய் உட்காரும் இடத்தை இந்த மாத்திரை அடைத்துக்கொள்ளும். குடித்தாலும் பழைய கிளர்ச்சி வராது, வேட்கையும் தணியும். டைசல்ஃபிரம் போலக் குடித்ததும் ஆளை வீழ்த்தாது. 1992-ல் ஜோசப் வோல்பிசெல்லி குழு 70 பேரிடம் 12 வாரம் சோதித்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் பழையபடி குடிக்குள் விழுந்தார்கள், நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் 23 சதவீதம். 1994-ல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது!

அகாம்ப்ரோசேட், குடியை ஏற்கெனவே நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு பாக்லோஃபென் பற்றி 2007-ல் இத்தாலியில் ஓர் ஆய்வு வந்தது: 84 பேர், 12 வாரம். மாத்திரை எடுத்தவர்களில் 71 சதவீதம் குடிக்காமல் இருந்தார்கள், வெற்று மாத்திரையில் 29 சதவீதம். அதைத் திடீரென நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படிதான் குறைக்க வேண்டும்.

மிகைப்படுத்தவும் கூடாது. 2023-ல் 118 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 21,000 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 11 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தால், அது இல்லாவிட்டால் மறுபடி மிதமிஞ்சிய குடிக்குப் போயிருக்கக்கூடிய ஒருவர் தப்பிக்கிறார். ஒருவர்தானா என்று தோன்றும். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் வருடக்கணக்கில் நாம் யோசிக்காமல் விழுங்கும் மாத்திரைகளின் கணக்கைப் பார்த்தால் இது நல்ல எண். சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் டாக்டர் யாரும் "மனசு வச்சா சர்க்கரை குறையும்" என்று சொல்லி அனுப்புவதில்லை.

2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருந்தார். மற்ற 37 வீட்டிலும்தான் சாம்பாரில் மாத்திரை கலக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீரபாண்டி

சார் சொல்வதை ஏற்கிறேன். இப்படி ஒரு ஆய்வு இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கரிசல் அண்ணன் அவராகவே மாலை போட்ட மனிதர். வரவே மாட்டேன் என்பவரை?

வார்டு ஏழு

அதற்கும் வழி இருக்கிறது, வீட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. 1999-ல் மில்லர், மேயர்ஸ் என்பவர்கள் நடத்திய ஆய்வை எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சிகிச்சைக்கு வர மறுப்பவர்களின் மனைவி, அம்மா, அப்பா என்று 130 பேர். மூன்று விதமான பயிற்சி. எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்பது ஒன்று: அதில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தினர் தங்கள் மன அமைதிக்காக அல்-அனான் கூட்டங்களுக்குப் போவது இன்னொன்று: 13 சதவீதம். மூன்றாவது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று குடும்பத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது: அதில் 64 சதவீதம்!

அந்த மூன்றாவது பயிற்சியில் என்ன இருக்கிறது? போதையில் இருக்கும்போது ஒரு வார்த்தை வாதம் வேண்டாம். குடிக்காத சாயங்காலம் அவருக்குப் பிடித்ததைச் செய்து கூட உட்காருங்கள். குடித்த அன்று அந்தக் கூட உட்காருதல் கிடையாது, சத்தமில்லாமல் எழுந்து போய்விடுங்கள். அவர் எடுத்த வாந்தியை நீங்கள் அலம்பாதீர்கள், முதலாளிக்கு போன் போட்டு "காய்ச்சல்" என்று நீங்கள் பொய் சொல்லாதீர்கள். பிறகு, அவரே நொந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு காலை வரும். குடித்துவிட்டுப் பிள்ளை பிறந்தநாளை மறந்த மறுநாள் மாதிரி. அன்றைக்கு, அதுவும் அன்றைக்கே, "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமா, நானும் வரேன்" என்று கேளுங்கள். டாக்டர் எந்தக் கிழமை இருப்பார், சீட்டு எங்கே போடணும் என்று முன்னாலேயே விசாரித்து வைத்திருக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் அந்த மனசு போய்விடும்.

அடி விழுகிற வீட்டில் மட்டும் இதெல்லாம் பிறகு. முதலில் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்கு. பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அன்று அதைச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும், வீரபாண்டி தம்பி.

பூவரசு

தனியார் மறுவாழ்வு மையம் பற்றி ஒரு எச்சரிக்கை. என் சித்தப்பாவை ஒரு மையத்தில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் வீட்டு ஆட்களைப் பார்க்க விடவில்லை. திரும்பி வந்தவர் முதுகில் தழும்பு.

வார்டு ஏழு

2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால், போதைப்பொருளால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். மையத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சங்கிலி போடுவது குற்றம். பார்க்க விட மாட்டோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற ஒரு கேள்வி கேட்டாலே பாதி இடங்களின் தரம் தெரிந்துவிடும். அலைய முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள். போதைக்கென்று தனியாக 14446 இருக்கிறது.

தாமரைக்குளம்

எல்லோருக்கும் ஆஸ்பத்திரியும் மையமும் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் அடிமையாகாமல், ஆனால் அளவு மீறிக் குடிப்பவர்களுக்குப் பேச்சே உதவும். கோவாவில் சங்கத் என்ற அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அதிகம் போனால் நான்கு சந்திப்பு. மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 26. நம் ஊரில் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

மஞ்சணத்தி

நர்ஸம்மா சொன்ன மாதிரி ஆஸ்பத்திரியில் கிழமை விசாரித்து வைத்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும். அந்தக் காலைக்காகக் காத்திருக்கிறேன்.

கரிசல்

எழுபது நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத மனசில்லை, இப்போது எழுத வேண்டும் என்று தோன்றியது.

மாத்திரை வாங்கவில்லை. அண்ணனிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். எறும்பு பொறுக்கியது அவருக்கு ஞாபகமே இல்லை. சாந்து பூசியதைச் சொன்னதும் தன் கையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவரே "அந்த வேட்கை மாத்திரையைக் கேட்டுப் பார்ப்போமா" என்றார். மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போனோம். கல்லீரல் சோதனை எடுத்தார்கள், கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம் என்று நால்ட்ரெக்ஸோன் எழுதினார் டாக்டர். முதல் வாரம் குமட்டல் இருந்தது. சாப்பிட்ட பிறகு எடுத்ததும் அடங்கிவிட்டது.

ஐம்பத்து மூன்றாம் நாள் குடித்துவிட்டார். கான்கிரீட் போட்ட அன்று, எல்லோரும் சேர்ந்து. ஒரு கட்டிங். "என்னமோ தண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சு, பாதியில வச்சுட்டேன்" என்று வீட்டுக்கு வந்து அவராகவே சொன்னார். அண்ணி ஒன்றும் பேசவில்லை, சோறு போட்டாள். பதினைந்து வருடத்தில் குடித்ததை அவராக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னோம். மாத்திரையைத் தொடரச் சொன்னார், வாரம் ஒரு முறை ஆற்றுப்படுத்துநரிடம் பேசவும் சீட்டு எழுதினார்.

வேலைக்குப் போகிறார். நேற்று அவர் பையில் நூல்குண்டு தேடினேன். ரசமட்டத்தோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு மாத்திரை அட்டையை வைத்திருக்கிறார். பத்து மாத்திரையில் ஆறு காலி, கணக்குச் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அடுத்த சீட்டு. மேட்டூர் அண்ணா, எங்கள் பக்கம் ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அண்ணன் கேட்கச் சொன்னார்.